கும்பினி முதல் கம்பனி வரை

கல்முனையிலிருந்து மேற்கு நோக்கிச் செல்பவர் நாவிதன்வெளிக்குட் புகுமுன் கிட்டங்கித் தாம்போதியைக் கடத்தல் வேண்டும். மாரிகாலத்தில் அத்தாம்போதியின்மீது வெள்ளம் மேவிப் பாய்ந்த ஆண்டுகள் பல. அத்தகைய நாள்களில் வழிப்போக்கர் நீரின் விளிம்பிலே சற்று நிற்பர். மறுகரையிலிருந்து வந்து சேர்ந்தவரிடம், தண்ணீர் எவ்வளவு, இழுவை எப்படி என்று வினவுவர். விடை கேட்ட பின்னரே காலை வைப்பர். ஆழம் அறியாமற் காலை விடாதே என்பது அம்மக்களுக்கு வெறும் பழமொழியன்று, உயிர்காக்கும் ஒழுக்கம்.

ஆயினும், அதே ஊரின் இளைஞரோ நங்கையோ கம்பனி ஒன்றின் நேர்முகப் பரீட்சைக்கு அழைக்கப்படும்பொழுது இவ்வொழுக்கம் மறக்கப்படுகின்றது. சான்றிதழ்கள் ஒழுங்காக அடுக்கப்படுகின்றன. கிராம அலுவலரிடம் நற்சான்று பெறப்படுகின்றது. உடை மடிப்புக் குலையாமல் அழுத்தி வைக்கப்படுகின்றது. தம்மைப் பற்றிக் கம்பனி கேட்கக்கூடிய வினாக்களுக்கெல்லாம் விடை தேடப்படுகின்றது. ஆனால் கம்பனியைப் பற்றித் தாம் அறியவேண்டியது யாது என்ற எண்ணம் எழுவதில்லை. அக்கம்பனி யாருடையது? எத்தனை ஆண்டுகளாக நடைபெறுவது? சென்ற ஆண்டில் இலாபம் கண்டதா, நட்டம் கண்டதா? அங்கே முன்னர் வேலை செய்தவர் ஏன் விலகினார்? இவ்வினாக்கள் கேட்கப்படாமலே பலர் வாழ்க்கையின் பத்து இருபது ஆண்டுகளை ஒரு நிறுவனத்தின் கையில் ஒப்படைக்கின்றனர்.

இது தனிமனிதரின் குறை என்று கூறிவிட இயலாது. இதற்கு நீண்ட வரலாறு உண்டு. திருக்குறளில் ‘தெரிந்து தெளிதல்’, ‘தெரிந்து வினையாடல்’ என்ற இரண்டு அதிகாரங்கள் அடுத்தடுத்து வருகின்றன. ஒருவனை ஆராய்ந்து நம்புவதும், ஆராய்ந்து அவனிடம் வினையை ஒப்படைப்பதும் அவற்றின் பொருள்கள். அவை அரசனை நோக்கிக் கூறப்பட்டவை. வேலை கொடுப்பவன் வேலை செய்பவனை ஆராய்தல் வேண்டும் என்னும் கருத்து இவ்வாறு பழமையானது. வேலை செய்பவன் வேலை கொடுப்பவனை ஆராயலாம் என்னும் கருத்தோ பிற்காலத்தது. அது எவ்வாறு பிறந்தது, எத்தனை பேரின் இழப்பின்மேல் வளர்ந்தது என்பதே இங்கு எடுத்துக்கொண்ட பொருள்.

பழைய கிராம வாழ்க்கையில் இவ்வாராய்ச்சிக்குத் தேவையே இருக்கவில்லை. கல்முனை, நாவிதன்வெளிப் பகுதிகளில் முன்னாளில் வேலை கொடுத்தவர் போடியார். அவர் வயலிற் பாடுபட்ட வயற்காரர் அவரைப் பிறந்த நாள் முதல் அறிந்தவர். அவருடைய களத்தில் எத்தனை அவணம் நெல் குவிந்தது என்பதும், கூலியை அவர் நேர்மையாக அளந்தாரா என்பதும் ஊரறிந்த செய்திகள். மருதமுனையில் ஒருவர் தறியில் அமர்ந்தாலும் தறிக்கு உரியவரின் குணமும் வசதியும் தெருவிலுள்ளார் அனைவர்க்கும் தெரிந்திருக்கும். முதலாளிக்கு முகம் இருந்தது, முற்றம் இருந்தது, தந்தை பெயர் இருந்தது. குறை நேர்ந்தால் முறையிடுவதற்குப் பள்ளிவாசலும் கோயிலும் ஊர்ப் பெரியோரும் இருந்தனர். அக்காலத்து உழைப்பாளிக்குத் துன்பம் இல்லை என்பதன்று கருத்து. அறியாமையால் வந்த துன்பம் குறைவு என்பதே.

கம்பனி என்பது முகமில்லாத முதலாளி. அதன் உரிமையாளர் ஓரிடத்தில், அதன் அலுவலர் வேறிடத்தில், அதன் வேலை மற்றோரிடத்தில் இருத்தல் கூடும். இத்தகைய முதலாளியை மட்டக்களப்புக் கரை முதன்முதலாகக் கண்டது பதினேழாம் நூற்றாண்டிலே. 1602ஆம் ஆண்டு மார்ச் மாதம் 20ஆம் திகதி நெதர்லாந்தில் ஒல்லாந்தரின் கிழக்கிந்தியக் கம்பனி நிறுவப்பட்டது. அதே ஆண்டு மே மாத இறுதியில் ஒல்லாந்தக் கப்பற்றலைவர் யோரிஸ் வான் ஸ்பில்பேர்கன் மட்டக்களப்பில் வந்திறங்கி, கண்டி மன்னனைக் காணச் சென்றார். கும்பினி என்று தமிழ் மக்கள் பின்னர் வழங்கிய சொல்லின் நிழல் இவ்வாறு கீழைக் கரையில் விழுந்தது.

1638ஆம் ஆண்டு மே மாதத்தில் ஆடம் வெஸ்டர்வோல்ட் என்னும் ஒல்லாந்தத் தளபதி, கண்டி மன்னன் இரண்டாம் இராசசிங்கனின் படையோடு சேர்ந்து, புளியந்தீவிலிருந்த போர்த்துக்கேயரின் கோட்டையைக் கைப்பற்றினார். சில நாள்களுள் அவ்விடத்திலேயே மன்னனுக்கும் கம்பனிக்கும் உடன்படிக்கை ஒன்று எழுதப்பட்டது. போர்ச் செலவை மன்னன் கறுவா முதலிய பொருள்களால் ஈடுசெய்தல் வேண்டும். கைப்பற்றப்படும் கோட்டைகளில் ஒல்லாந்தப் படை தங்கலாம். மன்னன் விரும்பினால் மாத்திரமே தங்கலாம் என்ற சொற்கள் மன்னன் கையிலிருந்த போர்த்துக்கேய மொழிப் பிரதியில் இருந்தன. கம்பனியின் கையிலிருந்த ஒல்லாந்த மொழிப் பிரதியில் அச்சொற்கள் இல்லை.

மன்னன் அறிவிற் குறைந்தவன் அல்லன். போர்த்துக்கேய மொழியை நன்கு கற்றவன். எதிரியின் பலத்தையும் பலவீனத்தையும் அறிந்தவன். ஆனால் தன் நண்பனாக வந்த கம்பனி எத்தகையது என்பதை அறிய அவனுக்கு வழியிருக்கவில்லை. அதன் பணிப்பாளர் பதினேழு பேரும் நெதர்லாந்தில் இருந்தனர். அதன் தேசாதிபதி பத்தாவியாவில் இருந்தார். அதன் கணக்கேட்டை வெளியார் எவரும் கண்டதில்லை. 1640ஆம் ஆண்டில் காலிக் கோட்டை வீழ்ந்தது. ஒல்லாந்தர் அதனைத் தம்மிடமே வைத்துக்கொண்டனர். 1656ஆம் ஆண்டில் கொழும்பு வீழ்ந்தது. மன்னனுக்குக் கோட்டைக் கதவு திறக்கப்படவில்லை. ஒரு நாட்டின் மன்னனே கம்பனியை அறியாமல் ஒப்பமிட்டு ஏமாந்தான் என்றால், அக்கம்பனியிடம் கூலிக்குச் சேர்ந்த எளியவர் நிலையைச் சொல்ல வேண்டுவதில்லை.

அக்கம்பனியைப் பற்றி அறியாதோர் கீழ்நாட்டவர் மாத்திரமல்லர். அதன் சொந்தப் பங்காளிகளும் அறியார். பத்தாண்டு முடிவில், அதாவது 1612ஆம் ஆண்டில், கணக்குக் காட்டல் வேண்டும் என்று அதன் சாசனம் விதித்திருந்தது. அது நிறைவேறவில்லை. 1622ஆம் ஆண்டளவில் பங்காளிகள் சிலர் துண்டுப் பிரசுரங்களை வெளியிட்டுக் கணக்கைக் காட்டுமாறு கேட்டனர். முதல் போட்டவர்க்கே கணக்கைக் காட்டாத நிறுவனம், உழைப்பைப் போட்டவர்க்கு எதனைக் காட்டும்?

1602 முதல் 1795 வரை அக்கம்பனியின் கப்பல்களில் ஐரோப்பாவிலிருந்து கீழ்நாடுகளுக்குப் புறப்பட்டோர் ஏறக்குறைய 10 இலட்சம் பேர். அவர்களுட் பாதிக்கும் மேற்பட்டோர் தாய்நாடு திரும்பவில்லை. இத்துணைப் பேரை ஆள்சேர்த்த விதம் யாது? அம்ஸ்டர்டாம் நகரத் தெருக்களில் வேலையின்றித் திரிந்தவரைத் தங்குமடக்காரர் சிலர் அழைத்துச் சென்று உணவும் உறைவிடமும் உடையும் கடனாகக் கொடுப்பர். ஆள் கப்பலேறும் நாளில் அக்கடனுக்கு ஒரு பத்திரம் எழுதப்படும். அவனுடைய வருங்காலச் சம்பளத்திலிருந்து கம்பனி அப்பத்திரத்துக்குப் பணம் செலுத்தும். இத்தரகரை அந்நகர மக்கள் ‘ஆன்மா விற்போர்’ என்று அழைத்தனர். கடலில் இறங்குபவன் கம்பனியையும் அறியான், கப்பலையும் அறியான், செல்லும் தேசத்தையும் அறியான். அவன் அறிந்தது தரகனின் முகத்தையும், தன் தலைமேல் ஏறிய கடனையும் மாத்திரமே.

இருநூறு ஆண்டுகளுக்குப் பின்னர் இதே காட்சி தமிழகத்தின் கிராமங்களில் மீண்டும் நிகழ்ந்தது. பிரித்தானியர் ஆட்சியில் இலங்கையின் மலைநாட்டில் கோப்பிச் செய்கை விரிவடைந்தது. திருச்சிராப்பள்ளி, தஞ்சாவூர், மதுரை, சேலம், புதுக்கோட்டை முதலிய பகுதிகளிலிருந்து தொழிலாளர் அழைத்து வரப்பட்டனர். கங்காணி கிராமத்துக்கு வந்து முற்பணம் கொடுப்பார். வழிச்செலவும் உணவுச் செலவும் முற்பணத்தோடு சேர்ந்து கடனாகும். மன்னார்க் கரையில் இறங்கிக் காடுவழியாக மலைநாட்டை நோக்கி நடந்தோருள் காய்ச்சலாலும் வாந்திபேதியாலும் வழியிலேயே மாண்டவர் பலர். தோட்டத்தை அடைந்தவருக்கோ கடன் தீரும்வரை விடுதலை இல்லை. அவர் வேறு தோட்டத்துக்குச் செல்ல வேண்டுமாயின், கடனைச் செலுத்தினால் விடுவிக்கலாம் என்று எழுதிய சீட்டு வேண்டும். அச்சீட்டின் பெயர் துண்டு.

அம்ஸ்டர்டாமின் கடன் பத்திரமும் மலைநாட்டின் துண்டும் ஒன்றையொன்று அறியாதவை. ஆயினும் ஒரே விதையில் முளைத்தவை. வேலை கொடுப்பவன் யார் என்பதை வேலை செய்பவன் அறியாதிருக்கும் இடத்தில் தரகன் நுழைகின்றான். தரகன் நுழையும் இடத்திற் கடன் நுழைகின்றது. கடன் நுழைந்த பின்னர் விலகும் உரிமை மறைகின்றது. துண்டு முறை 1921ஆம் ஆண்டிலே சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. 1922ஆம் ஆண்டில் இந்திய அரசாங்கம் குடிபெயர்வுச் சட்டத்தை இயற்றி, ஆள்சேர்ப்பை ஒழுங்குபடுத்தியது. கோப்பித் தோட்டங்களில் முதன்முதல் வேலைக்குச் சேர்ந்தோரின் பேரப்பிள்ளைகள் காலத்திலேயே இது நிகழ்ந்தது.

இனி, கம்பனியை அறியும் கதவு எவ்வாறு திறந்தது என்பதைக் காணல் தகும். அதனைத் திறந்தவர் தொழிலாளரல்லர், பணம் இழந்தோரே. இங்கிலாந்தில் போலிக் கம்பனிகள் பலவற்றில் மக்கள் பணத்தை இழந்தமையால், 1844ஆம் ஆண்டில் கூட்டுப் பங்குக் கம்பனிகளுக்கு ஒரு சட்டம் பிறந்தது. கம்பனிகளைப் பதியப் பதிவாளர் நியமிக்கப்பட்டார். ஐந்தொகைக் கணக்கையும் பதிவாளரிடம் கொடுத்தல் வேண்டும் என்று விதிக்கப்பட்டது. 1856ஆம் ஆண்டில் கணக்குப் பற்றிய அவ்விதி தளர்த்தப்பட்டது. பொதுமக்களிடம் பங்கு விற்கும் கம்பனிகளுக்கு அது மீண்டும் கட்டாயமாவதற்கு 1907ஆம் ஆண்டு வரை காத்திருக்க நேர்ந்தது. கதவு ஒரேயடியாகத் திறக்கவில்லை. திறந்து, சாத்தி, மறுபடியும் திறந்தது.

இலங்கையில் 1861ஆம் ஆண்டின் 4ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் கூட்டுப் பங்குக் கம்பனிகளுக்கு வழிவகுத்தது. அதற்குச் சற்று முன்னரே கொழும்பில் ‘ஒப்சேவர்’ அச்சகத்தைச் சேர்ந்த பேர்குசன் குடும்பத்தார் இலங்கை விவரக் கோவையை வெளியிடத் தொடங்கியிருந்தனர். தோட்டங்களின் பெயர், பரப்பு, உரிமையாளர், முகவர், மேற்பார்வைத் துரை ஆகிய விவரங்கள் அதிலே நிரல்பட வெளிவந்தன. ஆங்கிலம் கற்ற இலிகிதர் ஒருவர், தாம் சேர எண்ணும் தோட்டம் யாருடையது என்பதை அந்நூலைப் புரட்டி அறிதல் கூடும். அதே தோட்டத்திற் கொழுந்து பறித்தவர்க்கு அந்நூல் எட்டாதது. அறிவு இருந்தது, அது ஒரு மொழிக்குள்ளும் ஒரு வகுப்புக்குள்ளும் பூட்டப்பட்டிருந்தது.

பதிவேடும் விவரக் கோவையும் இருந்தும் ஆபத்து நீங்கியதா எனின், இல்லை. 1869ஆம் ஆண்டிலே கோப்பி இலைகளில் ஒருவகைப் பூஞ்சண நோய் காணப்பட்டது. அடுத்த பதினைந்து ஆண்டுகளில் அச்செய்கை சீர்குலைந்தது. கோப்பித் தோட்டங்களுக்குப் பெருங்கடன் கொடுத்திருந்த ஓரியன்றல் வங்கிக் கூட்டுத்தாபனம் 1884ஆம் ஆண்டு மே மாதம் 3ஆம் திகதி கதவடைத்தது. அதன் நாணயத்தாள்கள் அக்காலத்து இலங்கையின் அன்றாடப் பணம். தேசாதிபதி சேர் ஆதர் கோடன் அத்தாள்களுக்கு அரசாங்கம் பொறுப்பு என்று அறிவித்ததால் மக்கள் ஓரளவு காக்கப்பட்டனர். 1885ஆம் ஆண்டு முதல் அரசாங்கமே நாணயத்தாள் வெளியிடத் தொடங்கியது. அவ்வங்கியின் தூண்களை நோக்கியவர்க்கு அதன் பலவீனம் தெரிந்திராது. கோப்பி இலையின் அடிப்புறத்தை நோக்கியவர்க்குத் தெரிந்திருக்கும். ஒரு நிறுவனத்தை அறிய விரும்புவோர் அதன் கட்டடத்தை மாத்திரம் பார்த்தல் போதாது. அதன் வருவாய் எதிலே தங்கியிருக்கிறது என்பதையும் பார்த்தல் வேண்டும் என்பதே இதன் படிப்பினை.

சென்னையில் நிகழ்ந்ததும் இதற்கு ஒப்பானது. ஆர்பத்நாட் கம்பனி நூறாண்டுப் பெருமை வாய்ந்த வணிக நிறுவனம். அதிற் பணம் வைப்பது அரசாங்கத்திடம் வைப்பதை ஒக்கும் என்று பலர் நம்பினர். 1906ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் 22ஆம் திகதி அது முறிந்தது. ஓய்வுபெற்றோர், கைம்பெண்கள், சிறு உத்தியோகத்தர் முதலியோரின் சேமிப்பு அழிந்தது. அது சிலர் கூடி நடத்திய கூட்டு வணிகமாகையால் தன் கணக்கைப் பொதுமக்களுக்குக் காட்ட வேண்டிய கடமை அதற்கு இருக்கவில்லை. பெயரும் பழமையும் கணக்குக்கு ஈடாகா என்பதை அந்நகரம் அன்று கற்றது. வி. கிருஷ்ணசாமி ஐயர் முதலியோரின் முயற்சியால் 1907ஆம் ஆண்டில் இந்தியன் வங்கி தோன்றியதற்கு அவ்வீழ்ச்சியே தூண்டுகோலாயிற்று.

மீண்டும் நாவிதன்வெளிக்கு வருவோம். இப்பகுதியின் வரைபடத்தை மாற்றியது கல்லோயாத் திட்டம். 1949ஆம் ஆண்டில் நாடாளுமன்றம் இயற்றிய சட்டத்தின்படி கல்லோயா அபிவிருத்திச் சபை நிறுவப்பட்டது. இங்கினியாகலையில் அணை எழுந்தது. முதற் பிரதமர் டி. எஸ். சேனநாயக்கவின் பெயரால் சேனநாயக்க சமுத்திரம் என்று வழங்கும் அந்நீர்த்தேக்கத்தின் கொள்ளளவு 770,000 ஏக்கர் அடி. அணையைக் கட்டும் பொறுப்பை ஏற்றது மொறிசன் நட்சன் என்னும் அமெரிக்கக் கம்பனி. காடு வெட்டப்பட்டது; வாய்க்கால்கள் ஓடின; குடியேற்றக் கிராமங்கள் இலக்கமிடப்பட்டன. நாவிதன்வெளிப் பிரதேசத்தில் இன்றும் இலக்கத்தாற் பெயர்பெற்ற கிராமங்கள் உண்டு. மத்திய முகாம் என்ற பெயரும் உண்டு.

அக்காலத்தில் இங்கு வேலை தேடிச் சென்ற ஒருவர்க்கு முன்னே இரண்டு முதலாளிகள் இருந்தனர். ஒன்று அமெரிக்கக் கம்பனி, மற்றது சபை. அக்கம்பனியைப் பற்றி அறிய முற்பட்டிருந்தால் நல்ல செய்திகள் பல கிடைத்திருக்கும். 1912ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஐடகோ மாநிலத்தில் தொடங்கப்பட்டது. கொலராடோ ஆற்றின் குறுக்கே 1930களில் ஹூவர் அணையைக் கட்டிய ஆறு கம்பனிக் கூட்டில் அதுவும் ஒன்று. இவ்வளவும் உண்மை. ஆயினும் ஒப்பந்தக்காரரின் வேலை அணை முடியும் நாளில் முடிந்துவிடும் என்பதும் உண்மை. சபையோ சட்டத்தினாற் பிறந்தது. அணை முடிந்த பின்னரும் வயலும் வாய்க்காலும் உள்ளவரை அதற்கு வேலை உண்டு. புகழ் எத்தன்மையது என்பதோடு, வேலை எத்தனை காலத்தது என்பதையும் கேட்டவரே இவ்விரண்டுக்கும் இடையேயுள்ள வேற்றுமையை உணர்ந்திருப்பர். முகாம் என்ற சொல்லே நிலையாமையை உணர்த்துவது. காலம் செல்ல அந்த முகாம் ஊராக நிலைத்தது. அதனை அமைத்தோர் சென்றுவிட்டனர்.

சபையும் நிலைத்ததா? 1965ஆம் ஆண்டில் ஆற்றுப் பள்ளத்தாக்கு அபிவிருத்திச் சபை தோன்றியபோது கல்லோயாச் சபையின் பெயர் மறைந்தது. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்துப் புவியியலறிஞர் பி. எச். பார்மர் தலைமையிலமைந்த மதிப்பீட்டுக் குழுவின் அறிக்கை 1970ஆம் ஆண்டில் வெளிவந்தது. திட்டத்தின் செலவு அதனால் விளைந்த நன்மையை விஞ்சியது என்பது அக்குழுவின் முடிவு. அரசாங்கமே தன் பெருந்திட்டத்தின் குறையை ஆராய்வித்து நூலாக வெளியிட்டது, விரும்பியவர் படிக்கலாம். ஒல்லாந்தக் கும்பினியின் பூட்டிய கணக்கேட்டோடு இதனை ஒப்பிட்டால், உலகம் எவ்வளவு தூரம் வந்திருக்கிறது என்பது புலப்படும்.

எந்தக் கணக்கேட்டிலும் தெரியாத விடயங்களும் உண்டு. 1956ஆம் ஆண்டு ஜூன் மாதத்திற் கல்லோயாப் பள்ளத்தாக்கில் இனக்கலவரம் மூண்டு உயிர்கள் பலியாயின. ஒரே சபையின்கீழ்ச் சம்பளம் பெற்றோர் ஒருவரையொருவர் அஞ்சி ஓடினர். வேலையிடத்தில் மனிதர் எவ்வாறு வாழ்கின்றனர் என்பதை ஐந்தொகை கூறாது; அங்கு வாழ்ந்தவரே கூறுவர். ஆகவே ஏட்டை நாடுவதோடு ஆளையும் நாடுதல் வேண்டும்.

ஹிங்குரானைச் சீனித் தொழிற்சாலையின் கதையும் இம்மாவட்டத்தார் மறத்தற்கரியது. கல்லோயாவின் நீரால் வளர்ந்த கரும்பை நம்பி 1960 அளவில் எழுந்த ஆலை அது. தொழிலாளரும் கரும்புச் செய்கையாளரும் அதனை அண்டி வாழ்ந்தனர். 1997ஆம் ஆண்டில் அது மூடப்பட்டது. 2010களில், அரசும் தனியாரும் பங்குகொண்ட கம்பனி ஒன்றின்கீழ் மீண்டும் இயங்கத் தொடங்கியது. இடைப்பட்ட காலத்தில் இளமை கழிந்தவர்க்கு அந்த ஆண்டுகள் திரும்பி வாரா. அரசாங்க வேலை என்றால் அசையாது என்ற நம்பிக்கையும், அயல்நாட்டுக் கம்பனி என்றால் அழியாது என்ற நம்பிக்கையும் ஒருங்கே சோதிக்கப்பட்டன. அணை கட்டிய அமெரிக்கக் கம்பனியும் 1990களின் நடுவிற் பெருநட்டமடைந்து, 1996ஆம் ஆண்டில் வேறொரு கம்பனியின் கையிற் சேர்ந்தது.

இத்துணை வரலாற்றின் பயனாக இன்றைய இளைஞரின் கையில் உள்ள கருவிகள் சிலவல்ல. 1938ஆம் ஆண்டின் கம்பனிகள் கட்டளைச் சட்டத்தைத் தொடர்ந்து 1982ஆம் ஆண்டிலும் 2007ஆம் ஆண்டிலும் புதிய சட்டங்கள் பிறந்தன. கம்பனி உண்மையிற் பதியப்பட்டதா, அதன் பணிப்பாளர் யாவர், பதிந்த முகவரி யாது என்பவற்றைக் கம்பனிப் பதிவாளர் திணைக்களத்தில் எவரும் அறியலாம். கொழும்புப் பங்குச் சந்தையில் இடம்பெற்ற கம்பனியாயின் அதன் ஆண்டறிக்கை பகிரங்கமானது; இலாப நட்டமும், கடனும், வழக்குகளும் அதில் எழுதப்பட்டிருக்கும். அரசாங்க நிறுவனமாயின், அல்லது அரசு நூற்றுக்கு 25 அல்லது அதற்கு மேற்பட்ட பங்கு வைத்திருக்கும் கம்பனியாயின், 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் விவரம் கேட்கலாம். அதனைத் தமிழிலே கேட்கலாம் என்பது, பேர்குசனின் ஆங்கில விவரக் கோவையை நினைப்பவர்க்குச் சிறிய செய்தியன்று.

நேர்முகப் பரீட்சைக்குச் செல்லுமுன் விடை தேடவேண்டிய வினாக்கள் ஐந்து. முதலாவது, இந்நிறுவனம் யாருடையது? இரண்டாவது, இது எதனை விற்று வாழ்கிறது. அப்பொருளுக்கு நோய் வந்தால் இதற்கு என்னாகும்? மூன்றாவது, என் வேலை நிலையானதா, ஒப்பந்தம் முடியும்வரையா? நான்காவது, இங்கே வேலை செய்தவர் யாது கூறுகின்றனர்? ஐந்தாவது, சட்டம் விதித்ததை இது செலுத்துகிறதா? 1958ஆம் ஆண்டின் சட்டப்படி ஊழியர் சேமலாப நிதிக்கு ஊழியர் சம்பளத்தில் நூற்றுக்கு 8உம், வேலைகொள்வோர் நூற்றுக்கு 12உம் செலுத்துதல் வேண்டும். 1980ஆம் ஆண்டிலே தோன்றிய ஊழியர் நம்பிக்கை நிதிக்கு வேலைகொள்வோர் மேலும் நூற்றுக்கு 3 செலுத்துதல் வேண்டும். இவற்றைச் செலுத்தாத நிறுவனம் எவ்வளவு வெளிச்சமான மண்டபத்தில் இருந்தாலும் இருளில் இருப்பதே.

கடல்கடந்து செல்வோர்க்கு எச்சரிக்கை இருமடங்கு வேண்டும். கல்முனைக் கரையிலிருந்து வளைகுடா நாடுகளுக்கு வேலைக்குச் சென்றோர் பலர். 1985ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தாற் பிறந்த வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகம் முகவர்களுக்கு அனுமதிப்பத்திரம் வழங்குகிறது. முகவரின் அனுமதிப்பத்திரம் செல்லுபடியானதா, குறித்த வேலைக்கு அவர் அங்கீகாரம் பெற்றாரா என்பதை அங்கு உசாவலாம். உசாவாமல் முகவரின் வார்த்தையை நம்பி, காணியை ஈடுவைத்துப் பணம் கட்டுவோர் யார்? அம்ஸ்டர்டாமின் தெருவில் நின்றவரும், கங்காணியின் முற்பணத்துக்குக் கை நீட்டியவரும் அவரே. உடையும் ஊரும் மாறின. அறியாமையின் விலை மாறவில்லை.

இங்கே ஓர் ஆட்சேபம் எழலாம். வறுமையுற்ற குடும்பத்துப் பிள்ளைக்கு வேலை கிடைப்பதே அரிது. அவர் கம்பனியை ஆராய்ந்து என்ன பயன்? கிடைத்ததை ஏற்பதன்றி வேறு வழி யாது? இவ்வாட்சேபத்தில் உண்மை உண்டு. ஆனால் செல்வன் ஒருவன் தவறான இடத்திற் சேர்ந்து ஓராண்டை இழந்தாலும் அவன் வீட்டில் அடுப்பு எரியும். ஏழையின் வீட்டில் அடுப்பு அவியும். எனவே ஆராய்வு செல்வர்க்கு வசதி, ஏழைக்கு அரண். ஆராய்ந்த பின்னரும் அதே வேலையை ஏற்க நேரலாம். அப்பொழுதும் நியமனக் கடிதத்தை வாசித்து ஒப்பமிடுவதற்கும், சேமலாப நிதி இலக்கத்தைக் கேட்டுப் பெறுவதற்கும், வேறிடம் தேடவேண்டிய காலத்தை முன்னரே உணர்வதற்கும் அவ்வறிவு உதவும். 1638ஆம் ஆண்டில் இராசசிங்கனுக்கு ஒல்லாந்தப் பிரதியையும் வாசித்துக் காட்ட நம்பத்தக்க ஒருவர் இருந்திருந்தால், அவன் ஒப்பந்தத்தை ஏற்காமல் விட்டிருப்பான் என்று துணிதல் இயலாது. போர்த்துக்கேயர் அவனை நெருக்கிக்கொண்டிருந்தனர். ஆனால் கண்ணைத் திறந்துகொண்டு ஏற்றிருப்பான்.

நேர்முகப் பரீட்சையின் முடிவில், “எங்களிடம் ஏதேனும் கேட்க விரும்புகிறீர்களா?” என்று வினவும் வழக்கம் உண்டு. “ஒன்றுமில்லை, சேர்” என்பதே பலர் கூறும் விடை. அது பணிவின் விடை என்று கருதப்படுகின்றது. வரலாற்றை அறிந்தவர்க்கு அது மூன்று நூற்றாண்டு மௌனத்தின் எச்சம் என்பது விளங்கும். கணக்கைக் கேட்டு மறுக்கப்பட்ட பங்காளிகளும், துண்டுச் சீட்டோடு தோட்டந்தோட்டமாக அலைந்த தொழிலாளரும், வங்கிக் கதவின் முன் கையைப் பிசைந்து நின்றோரும் சேர்ந்து பெற்றுத் தந்த உரிமை அந்த ஒரு வினாவினுள் அடங்கியிருக்கிறது. பணிவோடு கேட்கப்பட்ட நல்ல வினாவினால் நல்ல நிறுவனம் சினம் கொள்வதில்லை. தன்னை முன்னரே படித்து வந்தவரை அது மதிக்கும். சினம் கொள்ளும் நிறுவனமும் ஒருவகையில் விடை கூறிவிட்டதே.

கிட்டங்கித் தாம்போதியில் வெள்ளம் பாயும் நாளில் மறுகரையிலிருந்து வந்தவரிடம் ஆழத்தைக் கேட்பவரை எவரும் கோழை என்று இகழ்வதில்லை. அவர் கரையிலேயே நின்றுவிடுவதற்காகக் கேட்கவில்லை, கடப்பதற்காகவே கேட்கிறார்.